பறவைகளைத் தேடிய கண்கள்

லிட்டில் இந்தியாவுக்குச் சற்றுத் தொலைவில், ஹேண்டி ரோட்டில் கேத்தே கட்டடம் உள்ளது. 1939ஆம் ஆண்டு அங்குத் திரையரங்கைத் திறந்தவர் திரு லோக் வான் தோ. அவர் சிறந்த பறவைப் புகைப்படக் கலைஞரும் ஆவார்.

அவர் 1915ஆம் ஆண்டு கோலாலம்பூரில் பிறந்தார். 1942ஆம் ஆண்டு, போரின்போது கப்பலில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறினார். வழியில் அந்தக் கப்பல்மீது குண்டு விழுந்தது. அவர் கடுமையான தீக்காயங்களுக்கு ஆளானார். சிறிது காலம் பார்வையையும் இழந்தார். பார்வை திரும்பிய பிறகு, இந்தியாவில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் நட்பைப் பெற்றார். இருவரும் பல இடங்களுக்குச் சென்று பறவைகளை ஆராய்ந்தனர்.

பறவையைப் படமெடுப்பது எளிதன்று. ஆளைக் கண்டால் அது பறந்துவிடும். எனவே, மறைவிடம் அமைத்து, அதற்குள் அசையாமல் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கடற்கழுகோ உயர்ந்த மரத்தின் உச்சியில் கூடு கட்டும். கீழே நின்றால் கூட்டின் அடிப்பகுதிதான் தெரியும். அதற்காகத் திரு லோக் உயரமான ஒரு கோபுரத்தையே எழுப்பி, அதன் மேலிருந்து படமெடுத்தார்.

1964ஆம் ஆண்டு, தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். ஒரு காலத்தில் இருளில் தவித்த அந்தக் கண்கள் கண்ட பறவைகளை அவருடைய படங்களில் நாம் இன்றும் காணலாம்.