உலகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்த தாகூர்

ஷா ஆலம் – வெளிநாட்டுப் பள்ளியோடு கலை, பண்பாட்டுப் பரிமாற்றம் என்று ஒரு கடிதம் வந்துவிட்டால் நம் பள்ளிகளில் முதலில் எழும் பேச்சு என்ன? பரதநாட்டிய உடை யாரிடம் இருக்கிறது, கோலாட்டக் குச்சி எத்தனை தேறும், விமான டிக்கெட்டுக்கு யாரைக் கேட்பது என்பதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓடியாடிப் பணம் திரட்டும். பிள்ளைகள் போய் ஆடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், நினைவுப் பரிசோடு திரும்புவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் நீ என்ன கற்றுக்கொண்டு வந்தாய் என்று கேட்டால் பல நேரங்களில் பதில் இருப்பதில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைத் தன் சொந்தப் பள்ளியில் கேட்டுக்கொண்டவர் ரவீந்திரநாத் தாகூர். அவரைக் கவிஞர் என்றும், நோபெல் பரிசு பெற்றவர் என்றும் நாம் அறிவோம். ஆனால் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகள் அவர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டிக் காத்தவர். அந்தப் பள்ளிக்காகத்தான் 1927இல் கோலாலம்பூருக்கும் வந்தார்.

பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளை

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். தந்தை தேவேந்திரநாத் பெரிய நிலச்சுவான்தார். பிரம்ம சமாஜத்தின் தலைவர். வசதிக்குக் குறைவில்லாத வீட்டில் பிறந்த அந்தக் கடைக்குட்டிக்குப் பள்ளிக்கூடம் மட்டும் ஒட்டவே இல்லை. நான்கு சுவர், மனப்பாடம், பிரம்பு என்று இருந்த வகுப்பறை அவருக்குச் சிறையாகத் தெரிந்தது. பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்துப் பார்த்தார்கள். எதிலும் நிலைக்கவில்லை. 1878இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லண்டனில் படித்தும் பட்டம் வாங்காமலே 1880இல் ஊர் திரும்பினார்.

பின்னர் 1890களில் குடும்ப நிலங்களைக் கவனிக்கக் கிழக்கு வங்காளத்துக்குப் போனார். பத்மா நதியில் படகிலேயே தங்கிக் குடியானவர்களின் கணக்கு வழக்கைப் பார்த்தார். கடன், நோய், படிப்பின்மை என்று கிராமத்து வாழ்க்கையை அவர் அருகிலிருந்து பார்த்தது அங்கேதான். ஊரை மாற்ற வேண்டுமானால் பள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் உறுதியானது.

மரத்தடியில் ஐந்து மாணவர்கள்

கல்கத்தாவிலிருந்து தொலைவில், போல்பூர் அருகே தந்தை 1863இல் நிரந்தரக் குத்தகைக்கு எடுத்திருந்த இடம் சாந்திநிகேதன். அங்கே 1901 டிசம்பர் 22ஆம் நாள் தாகூர் பள்ளியைத் தொடங்கினார். மாணவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் அவருடைய சொந்த மகன் ரதீந்திரநாத். வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பாட்டும் ஓவியமும் நாடகமும் கணக்கைப் போல, மொழியைப் போலப் பாடங்களாகவே இருந்தன.

பள்ளி நடத்தப் பணம் போதவில்லை. மனைவி மிருணாளினி தம் நகைகளைக் கொடுத்தார். பூரியில் இருந்த வீடும் விற்கப்பட்டது. பள்ளி தொடங்கி ஓராண்டு முடிவதற்குள், 1902 நவம்பரில், மிருணாளினி காலமானார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா இறந்தார். 1907இல் இளைய மகன் ஷமீந்திரநாத்தைக் காலரா கொண்டுபோனது. இத்தனை இழப்புக்கு நடுவிலும் பள்ளியின் கதவு மூடப்படவில்லை.

இன்று நாம் அனைத்துலகப் பரிமாற்றம் என்று சொல்வது அந்தப் பள்ளியில் தொடக்கத்திலேயே இருந்தது. 1902இல் ஹோரி ஷிடோகு என்ற ஜப்பானியர் சமஸ்கிருதம் படிக்க அங்கே வந்தார். 1905இல் சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானிய ஆசிரியர் வந்து ஜுஜுட்சு தற்காப்புக் கலை சொல்லிக்கொடுத்தார். வெளிநாட்டார் விருந்தினராக வந்து மாலை வாங்கிக்கொண்டு போகவில்லை. பள்ளியிலேயே தங்கினார்கள். ஒருவர் படித்தார், ஒருவர் கற்பித்தார். தாகூர் கடைசிவரை மாற்றிக்கொள்ளாத முறை இது.

விஸ்வபாரதி பிறந்த காலம்

1913இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆசியாவில் எவருக்கும் அதற்கு முன் இந்தப் பரிசு கிடைத்ததில்லை. அந்தப் பணத்தின் வருமானமும் பள்ளிக்கே போனது. 1916இல் ஜப்பானுக்குச் சென்றபோது, நாட்டுப் பற்று வெறியாக மாறுவதன் ஆபத்தை அந்த மண்ணிலேயே நின்று பேசினார். வரவேற்பு கொடுத்தவர்களுக்கே அது பிடிக்கவில்லை. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும் பிரிட்டிஷ் அரசு தந்திருந்த சர் பட்டத்தைத் துறந்தார்.

ஐரோப்பா முதல் உலகப் போரில் எரிந்து முடிந்திருந்த நேரம் அது. ஒரு நாட்டுப் பிள்ளைகள் இன்னொரு நாட்டின் பாட்டையும் மொழியையும் சிறுவயதிலேயே அறிந்திருந்தால் பகை குறையும் என்று தாகூர் நம்பினார். 1919இல் சாந்திநிகேதனில் கலா பவனம் தொடங்கியது. ஓவியர் நந்தலால் போஸ் அதை வளர்த்தார். 1921 டிசம்பரில் விஸ்வபாரதி முறைப்படி அமைந்தது. பிரான்ஸ் அறிஞர் சில்வான் லேவி முதல் வெளிநாட்டுப் பேராசிரியராக வந்தார். மறு ஆண்டு, ஆங்கிலேயரான லெனர்ட் எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு பக்கத்தில் ஸ்ரீநிகேதன் என்ற கிராமப் பணி மையம் எழுந்தது. எல்ம்ஹர்ஸ்ட் பின்னர் இங்கிலாந்து திரும்பி, அங்கே கற்றதை வைத்து டார்டிங்டன் ஹாலில் ஒரு கல்வி முயற்சியைத் தொடங்கினார்.

மேடை ஏறிய பெண் பிள்ளைகள்

கலைப் பரிமாற்றம் என்றால் சொந்த வீட்டிலும் சில கதவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் பொது மேடையில் ஆடுவது அன்றைய வங்காளத்தில் ஏற்கப்படாத செயல். 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆட்டத்தைப் பார்த்த தாகூர், மணிப்புரி ஆசிரியர்களைத் தன் பள்ளிக்கு வரவழைத்தார். 1926இல் மாணவிகள் நடிப்பதற்கென்றே ஒரு நாடகம் எழுதினார். முக்கிய வேடத்தில் ஆடியவர் நந்தலால் போஸின் மகள் கௌரி.

அதே நாடகம் 1927 ஜனவரியில் கல்கத்தாவில் நடக்கவிருந்தபோது எதிர்ப்புப் பேச்சு எழும் என்பது அவருக்குத் தெரியும். முழுக்கப் பெண் வேடங்களாக இருந்த நாடகத்தில் ஒரு புத்த பிக்குவின் வேடத்தைப் புதிதாகச் சேர்த்தார். அதில் தானே நடித்தார். பிள்ளைகளை மட்டும் மேடைக்கு அனுப்பாமல், விழுகிற பழிச்சொல் தன் மீதும் விழட்டும் என்று அறுபத்தைந்து வயதில் கூட நின்றார்.

கற்றுக்கொள்வதிலும் அவர் வயது பார்க்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து படித்த ஒரு மாணவி பாடிய கர்நாடக இசைப் பாடல்களைக் கேட்டு, அதே மெட்டுகளில் வங்காளப் பாடல்கள் எழுதினார்.

மலாயாவுக்கு வந்த ஆண்டு

1927 ஜூலை 20ஆம் நாள் தாகூர் சிங்கப்பூரில் இறங்கினார். அவருக்கு முன்னதாகவே வந்து ஊர் ஊராகப் பேசி ஏற்பாடுகளைச் செய்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சாந்திநிகேதனில் பணியாற்றிய ஆரியநாயகம்தான் அவர். பின்னாளில் இவரே காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்தினார்.

தாகூருடன் மொழியறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியும், சுரேந்திரநாத் கர், திரேந்திர கிருஷ்ண தேவ வர்மன் என்ற இரண்டு ஓவியர்களும் வந்தார்கள். மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று சுமார் ஒரு மாதம் பயணம் நடந்தது. இன்றைய ஷா ஆலம் அன்று ஊரே இல்லை. சுங்கை ரெங்கம் என்ற தோட்டப் பகுதி. தோட்டத்தில் 10 பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கொட்டகையில் ஓராசிரியர் பள்ளிகள் அங்கங்கே முளைத்துக்கொண்டிருந்த காலம் அது.

பயணத்தின் ஒரு நோக்கம் விஸ்வபாரதிக்கு நிதி திரட்டுவது. இந்தியர்களும் சீனர்களும் கொடுத்தார்கள். எல்லாம் மாலையும் மரியாதையுமாக நடந்துவிடவில்லை. சீனாவின் ஷாங்காய்க்கு இந்தியப் படைகளை அனுப்பியதைத் தாகூர் கண்டித்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு இங்கிருந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவரைத் தாக்கி எழுதியது. அவர் பயணத்தை நிறுத்தவில்லை.

வசூலான பணம் செலவாகிப் போயிருக்கும். செலவாகாமல் நின்றது வேறொன்று. சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்தவர்களில் தான் யுன்-ஷான் என்ற இளைஞரும் ஒருவர். சீனாவின் ஹுனான் மாநிலத்துக்காரர். பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்து சீனப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். சாந்திநிகேதனுக்கு வந்து சீனம் கற்பிக்கும்படி தாகூர் அவரை அழைத்தார். 1928இல் அவர் போய்ச் சேர்ந்தார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் 1924இல் தாகூர் சீனாவுக்கே போயிருந்தார். பெய்ஜிங்கில் இளைஞர்கள் சிலர் அவரை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தார்கள். பெரிய மேடைகளில் நிறைவேறாத வேலையை ஒரு பள்ளி ஆசிரியர் நிறைவேற்றினார். தான் யுன்-ஷான் சில மாணவர்களோடு வகுப்பைத் தொடங்கினார். பல ஆண்டுகள் அலைந்து நிதியும் ஏராளமான சீன நூல்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14ஆம் நாள் சாந்திநிகேதனில் சீன பவனம் திறக்கப்பட்டது. அவர் 1983இல் இந்தியாவிலேயே காலமானார். ஜொகூரில் 1929இல் பிறந்த அவர் மகன் தான் சுங், பின்னாளில் டெல்லியில் சீன வரலாறு கற்பித்த பேராசிரியர்.

ஆகஸ்டு மாதம் தாகூர் குழு இங்கிருந்து ஜாவாவுக்கும் பாலிக்கும் சென்றது. உடன் போன ஓவியர்கள் பாத்தேக் துணி செய்யும் முறையைக் கவனித்தார்கள். மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் அந்தக் கலை சாந்திநிகேதனில் பாடமானது. நம் கடைத்தெருவில் விற்கும் பாத்தேக்குக்கு வங்காளத்தில் ஓர் உறவு இருப்பது இப்படித்தான். 1930களில் ருஸ்லி என்ற இளைஞர் ஓவியம் படிக்க அங்கே சென்றார். பின்னர் அவர் இந்தோனேசியாவின் பெயர்பெற்ற ஓவியர்களில் ஒருவரானார்.

இலங்கையும் கடைசி ஆண்டுகளும்

1934 மே மாதம் மாணவ மாணவியர் அடங்கிய கலைக்குழுவோடு இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் அவர்களின் நாட்டிய நாடகம் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கும் போனார்கள். ஹொரணையில் வில்மட் பெரேரா என்பவர் சாந்திநிகேதனைப் பின்பற்றி அமைக்கவிருந்த ஸ்ரீ பாலி பள்ளிக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதன் பிள்ளைகள் ஆடிவிட்டு மட்டும் திரும்பவில்லை. கண்டி நடனத்தைப் பார்த்தார்கள். குழுவில் இருந்த சாந்திதேவ் கோஷ் பின்னர் அதை முறையாகக் கற்றார். இலங்கையிலிருந்து ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனுக்குப் படிக்கப் போனார். இலங்கையின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர் அவர்.

ஆனால் பணக் கவலை மட்டும் தாகூரை விடவே இல்லை. 1936இல், எழுபத்து நான்கு வயதில், உடல் தளர்ந்த நிலையில், மாணவர் குழுவோடு வட இந்திய நகரங்களில் நாடகம் போட்டு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். டெல்லியில் அதைக் கண்ட காந்தி மனம் பொறுக்காமல், 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்து அவரை ஊருக்குத் திரும்பச் செய்தார்.

நட்புக்காக உண்மையை விட்டுக்கொடுக்கவும் அவர் தயாராக இல்லை. 1938இல், சீனா மீது ஜப்பான் தொடுத்த போரை நியாயப்படுத்தி ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி எழுதியபோது, பல ஆண்டு நண்பர் என்றும் பாராமல் கடுமையாக மறுத்து எழுதினார். 1941 ஆகஸ்டு 7ஆம் நாள், பிறந்த வீட்டிலேயே தாகூர் காலமானார். நான்கு மாதத்தில் அந்தப் போர் கோத்தா பாருவில் கரையிறங்கி மலாயாவையும் பிடித்தது.

விஸ்வபாரதி 1951இல் இந்தியாவின் மத்தியப் பல்கலைக்கழகமானது. 2023இல் சாந்திநிகேதனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

நமக்கு என்ன?

ஷா ஆலமில் இன்று தோட்டம் போய்விட்டது. சுங்கை ரெங்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயரில் மட்டும் அது மிச்சமிருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் பால்வெட்டுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை இப்போது விமானம் ஏறி வெளிநாட்டு மேடைக்குப் போகிறது. இது சின்ன மாற்றம் அல்ல.

அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வரும்போது பணத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் பள்ளிக் கூட்டத்தில் பேசலாம். பிள்ளைகள் அங்கே எத்தனை நாள் தங்கி அந்த ஊர்க் கலையைக் கற்கப் போகிறார்கள்? அங்கிருந்து ஓர் ஆசிரியரோ மாணவரோ நம் பள்ளிக்கு வந்து தங்குவாரா? பிள்ளைகளோடு போகும் பெரியவர்கள் அவர்களின் பக்கத்தில் நிற்பார்களா, அல்லது முன்வரிசையில் படம் மட்டும் எடுப்பார்களா? வெளிநாட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. பக்கத்துச் சீனப் பள்ளியோடும் தேசியப் பள்ளியோடும் ஒரு தவணை முழுவதும் பாட்டும் படமும் பகிர்ந்துகொண்டாலே தொடக்கம்தான். ஐந்து மாணவர்களோடு மரத்தடியில் தொடங்கியவருக்கு மலாயாவில் கிடைத்த ஒரே ஓர் ஆசிரியர் பல பத்தாண்டுகள் பயன்பட்டார். நம் பள்ளிகளுக்கும் அப்படி ஒருவர் கிடைக்கலாம்.