சப்ரகமுவையின் திசாவை எஹெலேபொல

பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை எனத் தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த தோட்டப்புறமாக இன்று நாம் அறிந்திருக்கும் சப்ரகமுவ, இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கண்டி இராச்சியத்தின் எல்லைப்புறமாக இருந்தது. அதற்கு மேற்கே ஆங்கிலேயரின் கரையோரம். இந்த எல்லையில் 1814 ஆம் ஆண்டு மூண்ட கலகமே ஓராண்டுக்குள் அந்த இராச்சியத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது. கலகத்தின் நாயகர், சப்ரகமுவையின் திசாவையாகவும் முதல் அதிகாராகவும் விளங்கிய எஹெலேபொல.

1773 இல் பிறந்த அவர், பிலிமத்தலாவை அதிகார் சதிக் குற்றத்தின் பேரில் சிரச்சேதம் செய்யப்பட்ட பின்னரே முதல் அதிகாரானார். முன்னவரின் கதி பின்னவருக்குத் தெரியாததல்ல. அரியணையில் இருந்தவர் 1798 இல் முடிசூடிய நாயக்கர் வம்சத்துக் கண்ணுசாமி, அதாவது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிரதானிகளை நம்பாத மன்னர். மன்னரை நம்பாத பிரதானிகள். மாகாணத்திற்குச் செல்லும் திசாவையின் குடும்பம் பிணையாகத் தலைநகரில் தங்கியிருக்க வேண்டும் என்ற வழக்கம் இந்த அவநம்பிக்கைக்குச் சான்று.

1814 இல் மன்னர் விடுத்த அழைப்புக்கு எஹெலேபொல செல்லவில்லை. கலகக்கொடி உயர்த்தினார். மன்னர் அதிகார் பதவியை மொல்லிகொடவுக்கு அளித்து, அவரது தலைமையில் படையை ஏவினார். கலகம் அடங்கிற்று, எஹெலேபொல ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். ஆனால் பிணை கண்டியில் இருந்ததே! அவருடைய பிள்ளைகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். மனைவி போகம்பறை வாவியில் மூழ்கடிக்கப்பட்டார். பிள்ளைகளின் தலைகளை உரலில் இடிக்கும்படி தாய் வற்புறுத்தப்பட்டாள் என்பது போன்ற விபரங்கள் யாவும் உண்மைதானா என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. மன்னரின் பகைவர்களுக்கு அவை பெரிதும் பயன்பட்டன என்பதையும் மறந்துவிடலாகாது. எனினும் தந்தையின் குற்றத்திற்காகச் சிறுவர்கள் கொல்லப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. அதை எந்த நியாயத்தைக் கொண்டும் மூடிவிட முடியாது.

கண்டி அரண்மனை விவகாரங்களை நெடுநாளாக வேவு பார்த்துவந்த ஜோன் டொய்லிக்கும் ஆளுநர் பிரவுண்றிக்குக்கும் தேவைப்பட்டது ஒரு சாட்டு மட்டுமே. ஆங்கிலேயப் பகுதி வியாபாரிகள் சிலர் கண்டியில் அங்கவீனமாக்கப்பட்ட சம்பவம் அதனைத் தந்தது. 1815 ஜனவரியில் போர்ப் பிரகடனம். பெப்ரவரி 14 இல் கண்டி வீழ்ந்தது. 18 இல் மெதமகாநுவரப் பகுதியில் எஹெலேபொலவின் ஆட்கள் மன்னரைப் பிடித்தனர். எதிர்ப்பு ஏறக்குறைய இல்லை. மன்னரின் படைத்தலைவராக வந்த மொல்லிகொடவே இறுதியில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார்.

மார்ச் 2 இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் ஒரு பிரிவை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். மன்னரின் ஆண் உறவினர்கள் பகைவர்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டதுடன், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள், அதாவது தமிழ்நாட்டிலிருந்து வந்தோர், அனுமதியின்றி நுழைவதும் தடுக்கப்பட்டது. அதே ஆட்சி, சில தசாப்தங்களுக்குள் அதே மலைகளில் கோப்பி பயிரிடத் தமிழ்நாட்டிலிருந்தே ஆயிரக்கணக்கானோரை வரவழைத்தது.

முடியை எதிர்பார்த்த எஹெலேபொலவுக்கு அது கிடைக்கவில்லை. கொடுக்க முன்வந்த பதவிகளை மறுத்து, ஆங்கிலேய அரசின் நண்பன் என்ற பெயரையே கேட்டுப் பெற்றார். பிரித்தானிய மன்னரின் உருவம் பொறித்த பதக்கமும் பொற்சங்கிலியும் சூட்டப்பட்டன. அந்த நட்பு மூன்றே ஆண்டுகள். 1817 இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சிக்குத் தலைமையேற்றவர் அவருடைய மனைவியின் சகோதரர் கெப்பெட்டிபொல. சந்தேகத்தின் பேரில் எஹெலேபொல கைதாகி, குற்றம் நிரூபிக்கப்படாமலேயே கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டார். கெப்பெட்டிபொலவின் தலை 1818 நவம்பரில் துண்டிக்கப்பட்டது.

1825 இல் எஹெலேபொல மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தார். அவர் பிடித்துக் கொடுத்த மன்னர், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832 ஜனவரியில் காலமானார்.