ஊர் ஏசிய மேடை, ஊருக்கு உதவிய கை: ரோஸ் சான்

சிராங்கூன் சாலையிலிருந்து சற்று தூரத்தில், கிச்சனர் சாலையிலுள்ள சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி அருகே பழங்கால வாயில் ஒன்று நிற்கிறது. 1923ல் தொடங்கிய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவை நினைவூட்டும் வாயில் அது. அங்கு ஆடிப் புகழ்பெற்றவர்களில் ஒருவர் ரோஸ் சான்.

1925ல் சீனாவின் சூச்சோ நகரில், உடல் வித்தை காட்டும் தம்பதிக்குப் பிறந்தவர். ஆறு வயதில் வளர்ப்புத் தாயுடன் கோலாலம்பூர் வந்தார். பள்ளிக்குச் சென்றது எட்டே மாதங்கள். பதினாறு வயதில், தம்மைவிட மிகவும் மூத்த சிங்கப்பூர்த் துறைமுகக் குத்தகையாளருக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை.

ஜப்பானியர் ஆட்சி தொடங்கிய 1942ல், கேலாங் வட்டாரத்தின் ஹேப்பி வோர்ல்டில் கேபரே நடனப் பெண்ணாகச் சேர்ந்தார். சீட்டு வாங்கி வரும் வாடிக்கையாளருடன் ஆடுவதே அங்கு வேலை. 1951ல் சொந்தமாக நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். மறு ஆண்டு ஈப்போ மேடையில் ஆடும்போது மேலாடை அறுந்தது. கூட்டம் ஆரவாரித்தது. அந்த விபத்தே அவருடைய தொழிலின் திசையை மாற்றியது.

அதன்பின் மலாயாவின் ஊர் ஊராகச் சென்று ஆடை களையும் நடனம் ஆடினார். மலைப்பாம்புடன் ஆடினார், இரும்புக் கம்பியை வளைத்தார், உடல்மீது மோட்டார் சைக்கிளை ஏற்றச் செய்தார். பெற்றோரின் வித்தைக் கலை மகளிடமும் இருந்தது.

பாரிசின் கேபரே நடனமணிகளை ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1890களில் கல்லச்சுச் சுவரொட்டிகளாக வரைந்தார். அவை இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. ரோஸ் சானுக்கோ நெடுங்காலம் கிசுகிசுப்பும் கேலியுமே மிஞ்சின.

ஆனால் அவர் சம்பாதித்த பணம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் காசநோயாளிகளுக்கும் சென்றது. தொழிலை இகழ்ந்த சமூகம், அதில் வந்த நன்கொடையை மறுக்கவில்லை. ஐந்து முறை மணந்தும் இல்லறம் அவருக்குக் கைகூடவில்லை.

மார்பகப் புற்றுநோயால் அவதிப்பட்டவர், 1987 மே 26ஆம் தேதி பட்டர்வொர்த்தில் காலமானார். அவருடைய கதையைப் பினாங்கு வழக்கறிஞரும் கவிஞருமான சிசில் ராஜேந்திரா பின்னாளில் நூலாக எழுதினார். நியூ வோர்ல்டு பூங்கா மூடப்பட்டதும் அதே 1987ல்தான்.

அந்த வாயிலைக் கடந்து தினமும் எத்தனையோ பேர் கடைக்குப் போகிறார்கள். படிப்பும் பாதுகாப்பும் கிடைக்காத ஒரு பெண், தமக்குக் கிடைத்ததைப் பிறருக்குப் பகிர்ந்த கதையும் அதனுள் இருக்கிறது.