கலெக்டர் வேலைக்கு நடுவே ஒரு கணக்கு

ஃபூரியர் என்றதும் நம்மில் பலருக்குப் பரீட்சைதான் ஞாபகம் வரும். ஏ-நாட், ஏ-என், பி-என் மூன்றையும் கண்டுபிடித்து மார்க் வாங்கியதோடு சரி. அந்த மனுஷர் எப்படி வாழ்ந்தார்னு வகுப்பில் யாரும் சொன்னதில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டார்கள், அதையே எழுதுகிறேன்.

ஜோசப் ஃபூரியர் 1768-இல் பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்த தையற்காரர் மகன். சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்து, உள்ளூர் ராணுவப் பள்ளியில் படித்தார். புரட்சிக் காலத்தில் 1794-இல் சிறை. ரோபெஸ்பியர் வீழ்ந்ததால் வெளியே வந்தார். அடுத்த வருஷமே பாரிசில் வாத்தியார் வேலை!

1798-இல் நெப்போலியனோடு எகிப்து போனார். கெய்ரோவில் அமைத்த ஆய்வுக் கழகத்துக்கு இவர்தான் செயலாளர். அன்றைக்கு இவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது எகிப்துதான், கணக்கு இல்லை. திரும்பியதும் 1802-இல் இசேர் மாவட்ட நிர்வாகியாக்கி கிரெனோபிளுக்கு அனுப்பிவிட்டார் நெப்போலியன். நம்ம கலெக்டர் மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பு நிலத்தை வடியவைத்தார், மலைவழியே டூரின் நகருக்கு ரோடு போடவைத்தார்.

இந்த ஃபைல்களுக்கு நடுவேதான் இரும்பில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று சோதனை செய்து கணக்குப் போட்டார். எப்பேர்ப்பட்ட வளைவையும், திடீரென்று செங்குத்தாகக் குதிப்பதைக்கூட, சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்றார். 1807-இல் பாரிஸ் கழகத்தில் அதைச் சமர்ப்பித்தார். பார்த்தவர்கள் லக்ராஞ்ச், லாப்லாஸ், மோஞ்ச், லக்ருவா. வழவழப்பான அலைகளைக் கூட்டினால் முனை எப்படி வரும்? லக்ராஞ்ச் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுரை அச்சாகவில்லை. அதே தலைப்புக்குப் போட்டி வைத்து, 1812-இல் பரிசையும் இவருக்கே கொடுத்துவிட்டு, நிரூபணம் போதாது என்று குறையும் சொன்னார்கள். அப்போதும் அச்சிடவில்லை!

குறை சொன்னதில் நியாயம் உண்டு என்பது என் கட்சி. எந்த நிபந்தனையில் அந்தக் கூட்டல் சரியாக வரும் என்று டிரிஷ்லே நிரூபித்தது 1829-இல்தான். ஆனால் விடை சரியாக வருகிற வழியைப் பதினைந்து வருஷம் கட்டிவைத்ததை என்ன சொல்ல?

நெப்போலியன் வீழ்ந்த காலத்தில் பதவி போனது. 1816-இல் அறிவியல் கழகம் தேர்ந்தெடுத்தும் அரசர் பதினெட்டாம் லூயி மறுத்துவிட்டார். மறுவருஷம் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 1822-இல் வெப்பம் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. கழகத்தின் நிரந்தரச் செயலாளர் பதவியும் அதே வருஷம் கிடைத்தது. பிறகுதான் பரிசு பெற்ற பழைய கட்டுரை கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. 1830-இல் பாரிசில் காலமானார்.

இன்று நான் வேலை பார்க்கும் ஆலையில் மோட்டாரின் அதிர்வைப் பிரித்துப் பார்த்து பேரிங் தேய்மானத்தைச் சொல்கிறோம். எல்லாம் அவர் கணக்குதான். ஓசேரில் வைத்த வெண்கலச் சிலையை இரண்டாம் உலகப் போரில் உருக்கிவிட்டார்கள். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் ஃபூரியர் பெயர் இருக்கிறது. லக்ராஞ்ச், லாப்லாஸ் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன.