தமிழ் எழுத்தை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார்



இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில் வேதாளை என்னும் கடலோர ஊர் இருக்கிறது. 1549ஆம் ஆண்டு வடுகர் படை இங்கே தாக்க வந்தபோது, இயேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் கப்பல்களுக்கு அனுப்பிவிட்டு, தாம் கரையிலேயே நின்று உயிர் துறந்தார். அவர் விட்டுச் சென்ற தலைமைப் பொறுப்பு, 29 வயதை ஒட்டிய ஓர் இளம் துறவியிடம் வந்து சேர்ந்தது. அவர்தான் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார்.

1520இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவரது முன்னோர் யூதர்கள். அந்த ஒரே காரணத்துக்காக, முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் மனம் கசந்துவிடவில்லை. 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே கோவாவுக்கு வந்து, பிறகு முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றித் தமிழ் கற்றார். நம் மொழிக்கு இலக்கணமும் எழுதினார்.

1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் செபநூல் அச்சானது. ஆனால் அதன் சொற்கள் தமிழ். எழுத்துகளோ உரோமை எழுத்துகள்! நம் கடற்கரை மக்கள் அதை எப்படி வாசிப்பார்கள்? தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று அடிகளார் உழைத்தார். சபைச் சகோதரர் ஜான் கொன்சால்வஸ் 1577இல் கோவாவிலும், ஜான் தெ பாரியா அடிகள் 1578இல் கொல்லத்திலும் தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கினர். நம் வளைவெழுத்துகளை உலோகத்தில் இடவலம் மாற்றிச் செதுக்குவது எளிதான வேலையல்ல. முத்துக்குளித்துறை மக்கள் பணம் திரட்டித் தந்தார்கள்.

1578 அக்டோபர் 20ஆம் நாள், 16 பக்கங்களில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் இந்திய மொழி எழுத்தில் அச்சான மிகப் பழைய நூல் இதுவே. இது அடிகளாரின் சொந்தப் படைப்பு அல்ல, போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூலின் மொழிபெயர்ப்பு. பிறர் எழுதியதை ஏழைகளின் கைக்குக் கொண்டு சேர்ப்பதே போதும் என்று நினைத்தார். 1586இல் புனிதர்களின் வரலாறும் அச்சானது. 1600இல் இறந்த அவர் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் பங்குகளில் வாசகம் வாசிக்க வரும் பிள்ளைகள் சிலர், தமிழ் வாசகத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை, கற்றுத் தராதது நம் குற்றமே. லிஸ்பன் நூலைத் தாண்டி 24 ஆண்டுகள் உழைத்து நம் முன்னோர் வந்த இடத்திலிருந்து, நாம் மீண்டும் பின்னோக்கிப் போகலாமா? இந்த வாரம் குடும்ப செபத்தின்போது, நம் பிள்ளைகளின் கையில் தமிழ் விவிலியத்தைக் கொடுப்போம். அவர்கள் தட்டுத் தடுமாறி வாசித்தாலும் பொறுமையோடு கேட்போம். வேற்று நாட்டில் பிறந்தும் நம் எழுத்தை நேசித்த அடிகளாருக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.