தென்பெண்ணையைத் தேக்கிய பெருந்தலைவர்

நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் ஓரமாக ஓடி, ஓசூருக்கு அருகே தமிழ் மண்ணில் அடியெடுத்து வைக்கிறது. பாறையும் கரடும் நிறைந்த நம் பகுதியில் மழைக்காலத்தில் பெருகி ஓடும் இந்த ஆறு, கோடையில் மணலாய்க் கிடக்கும். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் கேழ்வரகு என்பதே நம் முன்னோர் கண்ட வாழ்க்கை. ஓடிய நீரை நிறுத்திவைத்தவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் பெருந்தலைவர் காமராசர்.

அவரும் வானம் பார்த்த பூமியில் பிறந்தவரே. 1903 ஜூலை 15இல் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். எனினும் அவர் மனம் கடையில் நிலைக்கவில்லை. நாட்டு விடுதலையை நாடியது. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறை சென்றார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவருக்குச் சிறையிலேயே கழிந்தன.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். பள்ளிகள், மதிய உணவு என்று அவர் செய்தவற்றை நாடறியும். அணைகளும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. வைகை, மணிமுத்தாறு, அமராவதி, சாத்தனூர் என நீண்ட அந்த வரிசையில் கிருஷ்ணகிரி அணையும் ஒன்று. அன்று நம் பகுதி சேலம் மாவட்டத்தின் ஒரு மூலை, தலைநகருக்குத் தொலைவு. அத்தகைய இடத்தையும் மறவாமல், கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி செல்லும் வழியில் தென்பெண்ணையின் குறுக்கே அணை எழுப்பப்பட்டது. 1957இல் காமராசரே அதனைத் திறந்துவைத்தார்.

52 அடி உயரம் வரை நீர் தேங்கும் இவ்வணை, இடது, வலது கால்வாய்களின் வழியே ஏறத்தாழ 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. மேட்டூரோடு ஒப்பிட்டால் சிறியதே. ஆனால் ஒரு போகத்திற்கே ஏங்கிய வயல்களில் இரு போகம் விளையச் செய்தது. இங்கிருந்து இறங்கும் நீர், நெடுங்கல் அணைக்கட்டின் வழியே பாரூர்ப் பெரிய ஏரியை நிரப்பி, மேலும் ஓடி, 119 அடி கொள்ளும் சாத்தனூர் அணையை அடைகிறது. ஒரே ஆற்றில் இரண்டு அணைகள் அவர் ஆட்சியில் எழுந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

ஊருக்கெல்லாம் நீர் தந்தவர் தம் வீட்டிற்கு என்ன செய்தார்? விருதுநகரில் தாயார் வீட்டிற்கெனத் தனியாகக் குடிநீர்க் குழாய் போடப்பட்டதை அறிந்ததும், அதைத் துண்டிக்கச் செய்தார் என்று கூறுவர். தெருவில் மற்றவர்க்கு இல்லாத குழாய் முதலமைச்சரின் தாய்க்கு மட்டும் எதற்கு என்பது அவர் எண்ணம். 1963 அக்டோபர் 2இல் தாமாகவே பதவி துறந்தார். 1975இல் அதே அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில், வாடகை வீட்டில் மறைந்தார். 1976இல் பாரத ரத்னா விருது அவருக்குச் சூட்டப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற அணையின் இன்றைய நிலை என்ன? 1970களில் தொடங்கி ஓசூர் தொழில் நகராக வளர்ந்தது. 1990களில் அதனருகே கெலவரப்பள்ளி அணையும் எழுந்தது. ஆனால் பெங்களூரின் கழிவுநீர் கலந்து, அங்கே வெள்ளை நுரை மலைபோல் எழுகிறது. அந்த நீரே கிருஷ்ணகிரி அணைக்கும் வருகிறது. வண்டல் படிந்து அணையின் கொள்ளளவு குறைந்துள்ளது. 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்து, தேக்கிய நீர் வீணாயிற்று; பின்னர் மதகுகள் புதிதாக அமைக்கப்பட்டன. இரும்பு மதகைப் பழுதுபார்க்கலாம். நஞ்சான நீரை மீட்பது எளிதன்று.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் இக்கால்வாய்ப் பாசனத்தில் வாழும் குடும்பத்தினர். நிலவியல், வேதியியல், தாவரவியல் என நாம் கற்பவை இந்த ஆற்றுக்கும் பயன்பட வேண்டும். தலைவரின் பிறந்தநாளில் மாலை அணிவிப்பதோடு, அவர் தேக்கித் தந்த நீரைத் தூய்மையாய்க் காப்பதும் நம் கடனே.