ஆச்சியின் கேள்வியும் கலைவாணரும்

அகத்தியர் மலைக்குச் செல்வோர் எங்கள் போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். விதுரையைக் கடந்து மலையேறி வரும் பேருந்து அங்கேயே நின்றுவிடும். இந்நாளில் பலருக்கு எங்கள் ஊரைப் பேய்ப் பங்களாவின் பெயரால்தான் தெரிகிறது. எனக்கோ அது என் ஆச்சி கொழுந்து கிள்ளிய தேயிலைத் தோட்டம். தோட்டம் ஓய்ந்தது, செடிகள் மரமாயின, தொழிற்சாலைப் பொறிகள் துருவேறின. வரவேண்டிய கூலிக்குக் காத்திருந்தே லயத்திலே கண்ணை மூடிய முதியவர் பலர்.

சென்ற விடுமுறையிலே அந்த ஆச்சியிடம் சிரிப்பின் சிறப்பை விரித்துரைத்தேன். எண்வகை மெய்ப்பாட்டிலே தொல்காப்பியர் நகையை முதலாவதாக வைத்ததையும், வயிறு குலுங்கச் சிரித்தவர்க்கு வலி தாங்கும் ஆற்றல் மிகுகிறதென்று ஆக்ஸ்போர்டு அறிஞர் ராபின் டன்பாரும் அவர் குழுவினரும் 2011இல் ஆராய்ந்து சொன்னதையும் எடுத்துரைத்தேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டாள். சிரித்தால் கூலிப் பாக்கி வந்துவிடுமா என்று ஒரே கேள்வி கேட்டாள். படித்த பிள்ளை வாயடைத்துப் போனேன்!

ஆனால் அதே ஆச்சி, என்.எஸ்.கிருஷ்ணன் பெயரைக் கேட்டாலே முகம் மலர்வாள். அப்படி என்ன செய்தார் அந்த மனிதர்? அவர் வாழ்வைத் தேடிப் படித்தேன்.

1908 நவம்பர் 29இல், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிலே பிறந்தார். அன்று அது நம் திருவிதாங்கூர்ச் சீமை. வறுமை பள்ளியிலிருந்து அவரைப் பிரித்தது. நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற சிறுவன், வில்லுப்பாட்டிலே பயின்று, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிலே சேர்ந்து, 1930களின் நடுவிலே திரைக்கு வந்தார். டி.ஏ.மதுரத்தோடு இணைந்தார், வாழ்விலும் நடிப்பிலும் அந்த இணை பிரியவில்லை. மதுரத்தின் முன்னே அவர் அசடாக நிற்பார், ஏமாறுவார், ஊரார் சிரிப்பார்கள். நொண்டியையும் குருடனையும் காட்டிச் சிரிக்க வைப்பது எளிது. அவரோ தம்மையே சிரிப்புக்கு இலக்காக்கினார். இது எத்தனை நகைச்சுவை நடிகருக்கு இன்று வாய்க்கிறது?

புகழின் உச்சியிலே இடி விழுந்தது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கிலே தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர்; 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். மதுரம் சோர்ந்து அமரவில்லை. நாடகம் நடத்தினார், வழக்குக்குப் பொருள் தேடினார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. மறு விசாரணையிலே, 1947 ஏப்ரலில், இருவரும் குற்றமற்றவராய் வெளிவந்தனர். இரண்டாண்டுக்கு மேல் சிறை! பாகவதரின் திரைவாழ்வு பழைய ஒளியை மீண்டும் பெறவில்லை. கிருஷ்ணனோ திரும்பி வந்து சிரிக்க வைத்தார். கசப்பு இருந்திருக்காதா? இருந்திருக்கும். அதைக் கொட்டகைக்குள் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

1949இல் வந்த நல்லதம்பியிலே, கிந்தனார் காலட்சேபத்தின் வழியே, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வி கற்று உயர்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மதுவிலக்கையும் அப்படியே சொன்னார். 1956இல் ராஜா ராணியிலே சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு; வகைவகையாய்ச் சிரித்தே காட்டினார். ஈட்டியதையோ கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்தார். பசித்தவனிடம் சிரி என்று மட்டும் சொல்லிவிட்டு நகராத கை அது.

1957 ஆகஸ்டு 30இல் மறைந்தார். வயது 48தான். ஊருக்கெல்லாம் மருந்தான சிரிப்பு அவர் உடலைக் காக்கவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது, ராஜா ராணிப் பாட்டைக் கைப்பேசியிலே பதிவு செய்து எடுத்துச் சென்றேன். லயத்துத் திண்ணையிலே ஆச்சியோடு நான்கைந்து கிழவிகள் கூடினார்கள். சிரித்துச் சிரித்து ஆச்சிக்கு இருமலே வந்துவிட்டது. மூன்று தடவை போடச் சொன்னார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூலிப் பாக்கிக்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றாள் ஆச்சி. எழுதினேன். ஐவரும் கைநாட்டு வைத்தார்கள்.